விசிறியும் ஏணியும்

"இந்தப் பக்கம் முடிஞ்சுது. திருப்பிப் போடுங்க," என்றார் டாக்டரம்மா, கேமராவை உயர்த்திப் பிடித்தபடி.

அவள் உடனே திருப்பவில்லை. கையுறை மாட்டிய இரண்டு கைகளும் ஸ்டீல் மேசையின் விளிம்பிலேயே நின்றன. மேசைமேல் செத்துக் கிடந்த பூனையை அவளுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஆனால் தொட்டதில்லை, நிறத்தில் பார்த்ததுமில்லை. சதுப்பில் கட்டிய கேமராக்கள் இருட்டில் எடுக்கிற படங்களில் மீன்பிடிப் பூனை எப்போதும் சாம்பல்தான். கண்கள் மட்டும் இரண்டு வெள்ளை ஓட்டைகள். அதன் முடி காய்ந்த கோரையின் நிறம் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு பெரிது, குட்டையாகத் தடித்த வால். முன்னங்காலின் விரல்களை டாக்டரம்மா விரித்தபோது இடையில் மெல்லிய தோல் தெரிந்தது, வாத்துக்கு இருப்பதில் பாதி. "ராத்திரி பூரா பள்ளத்துத் தண்ணில கெடந்திருக்கு. ஆனா இங்க பாருங்க," என்று விலாவின் முடியை இரண்டு விரலால் பிரித்துக் காட்டினார். மேல்முடி நனைந்து ஒட்டியிருந்தது. அதற்கடியில் பஞ்சு போல நெருக்கமாக இன்னொரு முடி. அதற்கும் அடியில் தோல் காய்ந்தே இருந்தது. மேல்முடி தண்ணீரை வழித்துவிடும், அடிமுடி காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுத்துவரை தண்ணீரில் நின்று மீன் பிடிக்கிற உடம்புக்கு அப்படியொரு ஏற்பாடு. டிப்பர் லாரிக்கு எதிராக எந்த ஏற்பாடும் இல்லை. தலையில் மட்டும்தான் அடி. மற்றபடி உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

இடது தோளுக்குப் பின்னால் ஏழு கரும்புள்ளிகள் ஒரே இடத்திலிருந்து விரிந்து கிளம்பின, கைவிசிறியை விரித்துப் பிடித்த மாதிரி. அதைப் பார்த்துத்தான் அவள் இந்தப் பூனைக்கு விசிறி என்று பெயர் வைத்திருந்தாள். விசிறி போய்விட்டது என்பதைக் கதவைத் திறந்து உள்ளே வந்த நொடியே தெரிந்துகொண்டாள். அந்தத் துக்கத்துக்கு மனதில் இடம் ஒதுக்கி முடித்துவிட்டுத்தான் கால்கள் இரண்டையும் பிடித்துத் திருப்பினாள்.

வலது பக்கத்தில், இடுப்பிலிருந்து விலாவுக்கு இரண்டு நீளக் கோடுகள் ஏறின. நடுவில் குறுக்காக ஐந்து படிகள். நான்காவது படி நடுவில் உடைந்திருந்தது.

அது ஏணி. அவள் கணக்கில் அது வேறொரு பூனை.

"யாருன்னு தெரியுதா புள்ளி?" என்றார் டாக்டரம்மா. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் புள்ளிதான். வயதில் சின்னவர்களுக்குப் புள்ளியக்கா.

"விசிறி," என்றாள்.

பொய் சொல்கிறோம் என்று தோன்றுவதற்கு முன்பே வாய் பாதி உண்மையைச் சொல்லிவிட்டது. டாக்டரம்மா அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். காம்பு ஒன்றிலிருந்து வெள்ளையாக ஒரு துளி வந்து நின்றது. "பால் வத்திக்கிட்டு வர்ற நேரம். ரெண்டு மூணு மாசக் குட்டி எங்கயோ இருக்கு," என்று சொல்லிவிட்டு, கைகழுவப் போகிற வழியில் படிவத்தை அவளிடம் நீட்டினார். எடை, நீளம், பால், சாவின் காரணம் எல்லாம் எழுதியாகிவிட்டது. ஒரே ஒரு வரி காலி. அடையாளம். அதை நிரப்பிக் கையெழுத்துப் போட இந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான் உண்டு.

புள்ளி பார்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால் அவள் சலிக்காமல் சொல்வாள். இதற்கு முன்பு துணிக்கு அச்சுப்போடும் ஆலையில் பதினோரு வருடம் பரிசோதனை மேசையில் இருந்தவள். விளக்கு எரிகிற கண்ணாடியின் மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். பூ, கட்டம், புள்ளி எதுவானாலும் ஒரு முழத்துக்கு ஒருமுறை அச்சு அசலாகத் திரும்பி வரவேண்டும். வராத இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவது அவள் வேலை. ஆலையை மூடியபோது, கண்ணால் பிழைக்கிற ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்த சார், சதுப்புப் பூனைகளைக் கணக்கெடுக்கிற இந்த அலுவலகத்தை நடத்துகிறவர், அவளைப் பிடித்துக்கொண்டார். இங்கே வேலை தலைகீழ். பூனையின் புள்ளி எங்கேயும் திரும்ப வராது. ஒரு பூனையின் புள்ளி இன்னொன்றுக்கு இருக்காது. அதைவிட முக்கியம், ஒரே பூனையின் இடது பக்கம் வலது பக்கத்துக்கு இருக்காது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குவார்கள். சட்டையைப் போல இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பார்கள்.

அதனால் வழித்தடத்தின் இரண்டு ஓரத்திலும் எதிரும் புதிருமாக ஒரு ஜோடி கேமரா கட்டவேண்டும். சூடான உடம்பு ஒன்று குறுக்கே நகர்ந்தால் கேமரா தானே படமெடுக்கும். இரண்டும் சேர்ந்து எடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் கிடைக்கும். இவர்களிடம் இருந்தது பாதிக் கேமராக்கள். ஓரிடத்துக்கு ஒன்றுதான் கட்ட முடிந்தது. ஆனாலும் இரண்டு வருடத்தில் ஒன்பது பூனைகள் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு சத்தத்துக்குக் கேமரா முன்னால் உடம்பைத் திருப்பி, இரண்டு பக்கத்தையும் கொடுத்துவிட்டன. இரண்டு மட்டும் கொடுக்கவில்லை. சாலைக்குக் கிழக்கே மூன்றாம் கேமராவில் வந்த விசிறி எப்போதும் இடது பக்கத்தையே காட்டியது. சாலைக்கு மேற்கே ஒன்பதாம் கேமராவில் வந்த ஏணி வலது பக்கத்தை மட்டும் காட்டியது. இரண்டு அரைப் பூனைகள். சேர்த்தால் ஒன்றா, தனித்தனியா?

அதைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் யாராலும் இருக்க முடியாது. ஒரு குளிர்கால மாதத்தில் விசிறி மூன்றாம் கேமராவில் காலை ஆறு பன்னிரண்டுக்கு வந்திருந்தது. அதே நாள், ஆறு பதினைந்துக்கு, நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒன்பதாம் கேமராவில் ஏணி. மூன்று நிமிடத்தில் நான்கு கிலோமீட்டரைச் சேற்றில் எந்தப் பூனையும் கடக்காது. ஆகவே இரண்டு. அன்றைக்கு அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டியது அலுவலகத்தில் இன்னும் கிண்டலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பதும் இரண்டும் பதினொன்று என்று அறிக்கை போனது.

"பதினொண்ணுல ஒண்ணு போனா பத்து," என்றார் சார், அன்று மதியம். சதுப்பு நிலத்தின் வரைபடத்துக்கு முன்னால் நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றி மூக்கின் பள்ளத்தை அழுத்திக்கொண்டார். "கழுத்துவரைக்கும் தண்ணி. மூக்கு மட்டும் வெளியில இருக்கு. போதும்."

பத்து என்பது, சதுப்பை என்ன செய்வதென்று முடிவு செய்கிற நிலக் குழு போட்ட கோடு. வளர்ந்த பூனை பத்துக்குக் குறையாமல் இருந்தால் அந்தச் சதுப்பைத் தொடக்கூடாது. குறைந்தால், எப்படியும் அழியப்போகிற கூட்டம் என்று எடுத்துக்கொண்டு, கிழக்குப் பாதியை மண் கொட்டி மேடாக்கிச் சரக்குக் கிடங்கு கட்டலாம். குட்டிகள் கணக்கில் வராது. ஒரு வயதைத் தாண்டுமா என்பது யாருக்கும் தெரியாது என்பதால். குழு கூடுவது வியாழக்கிழமை. அன்று வெள்ளி.

மறுநாள் சனிக்கிழமை, அலுவலகத்தில் யாரும் இல்லாத காலையில், அவள் பழைய கோப்புகளைத் திறந்தாள். இரண்டு பக்கமும் ஒரே தோலில் இருந்ததைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. அப்படியானால் இரண்டில் ஒரு கேமராவின் கடிகாரம் பொய் சொல்லியிருக்கிறது. எது?

மூன்றாம் கேமராவில் அந்த மாதம் நானூறு படங்கள். பகலில் கொக்கு, இரவில் எலி. எல்லாம் நேரத்தோடு ஒத்துப்போயின. ஒன்பதாம் கேமரா, பேட்டரி மாற்றிய மூன்றாம் நாளே தண்ணீர் புகுந்து செத்துப்போனது. உள்ளே இருந்த மெமரி கார்டு மட்டும் தப்பியது. அதில் பூனைகள் கோப்பில் ஒரே ஒரு படம், ஏணி. கருப்பு வெள்ளை, காலை ஆறு பதினைந்து. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அந்த மாதத்தில் ஆறேகால் என்றால் காலையிலும் இருட்டு, மாலையிலும் இருட்டு.

அப்போதுதான் மனிதர்கள் கோப்பு நினைவுக்கு வந்தது.

கார்டு வந்ததும் முதலில் செய்கிற வேலை, மனிதர்கள் வந்த படங்களை எல்லாம் தனிக் கோப்புக்குத் தள்ளிவிடுவது. அதைத் திறந்து பார்ப்பதில்லை என்பது அவர்களே வைத்துக்கொண்ட ஒழுக்கம். சதுப்பில் புல் அறுக்க வருகிற பெண்கள், ஒதுங்க வருகிறவர்கள், யாருக்கும் தெரியாமல் சந்திக்கிறவர்கள் எல்லோரும் அதில் விழுவார்கள், அது நமக்கெதற்கு. நல்ல ஒழுக்கம்தான். ஆனால் ஒவ்வொரு கார்டிலும் முதல் படம் எப்போதும் மனிதர்தான். கேமராவை முடுக்கிவிட்டு விலகுவதற்குள் அது முடுக்கியவரின் முகத்தைப் பிடித்துவிடும்.

ஒன்பதாம் கேமராவின் மனிதர்கள் கோப்பில் மூன்று படங்கள். மூன்றிலும் அவள் முகம். அந்த வாரம் கேமரா கட்டுகிற பேட்டரியண்ணனுக்குக் காய்ச்சல்; அவள்தான் போயிருந்தாள். உச்சி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூக்கு நுனியில் வியர்வை துளிர்க்க, தலையில் முக்காடு போட்டு நிற்கிறாள். படத்தின் அடியில் வெள்ளை எழுத்தில் நேரம். இரவு 11:20.

பேட்டரியை மாற்றினால் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். மணி, நிமிடம் எல்லாம் வைத்த பிறகு கடைசியாக ஓர் எழுத்து மினுக்கிக்கொண்டு நிற்கும், ஏ.எம்.மா பி.எம்.மா என்று. அந்தச் சின்னத் திரை வெயிலில் சரியாகத் தெரியாது. அவள் பொத்தானை அழுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். பன்னிரண்டு மணி நேரம். ஏணி ஒன்பதாம் கேமராவைக் கடந்தது முந்தின நாள் மாலை. விடிய விடிய நடந்து, சாலையைத் தாண்டி, காலையில் மூன்றாம் கேமராவுக்கு விசிறியாக வந்து சேர்ந்திருக்கிறது.

சாலையைத் தாண்டி.

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அவளுடைய அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: மேற்குப் பூனையும் கிழக்குப் பூனையும் சாலையை எல்லையாகக் கொண்டுள்ளன; இந்த இடத்தில் எந்தப் பூனையும் சாலையைக் கடப்பதில்லை. போன வருடம் சாலையில் ஐந்து இடத்தில் வேகத்தடை கேட்டார்கள். நான்குதான் தரமுடியும், ஒன்றை விட்டுவிடுங்கள் என்று பதில் வந்தது. எதை விடலாம் என்று சார் எல்லோரையும் கேட்டார். வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டியது அவள்தான். சின்னப் பாலத்துப் பக்கம், சார், அங்க யாரும் குறுக்க வர்றதில்ல. நேற்று விடியற்காலை பால்காரர் ஒருவர் பூனையைப் பார்த்ததும் அந்தச் சின்னப் பாலத்துக்குப் பக்கத்துப் பள்ளத்தில்தான்.

அன்று பகலிலேயே பேட்டரியண்ணனைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். சட்டைப்பையில் எப்போதும் எட்டு பேட்டரி கனக்க, ஒரு தோள் தாழ்ந்து நடக்கிற மனிதர். குட்டிகள் உயிரோடிருந்தால் தாய் போன வழியிலேயே தேடி வரும் என்று அவர்தான் சொன்னார். பாலத்தை ஒட்டிய கோரைக்குள் ஒரு மூங்கிலை ஊன்றிக் கேமராவைக் கட்டினார்கள். படத்தின் இடது ஓரத்தில் சதுப்பு, வலது ஓரத்தில் சாலையின் தார். தாரில் இன்னும் ஒரு கறை இருந்தது. டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. குழு சொல்வதற்கு முன்பே சாலைக்கு அந்தப் பக்கம் யாரோ மண்ணைக் கொண்டுவந்து குவித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேட்டரிகளை ஒவ்வொன்றாக உள்ளே அழுத்தினார்.

"எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு. அன்னைக்கு நான் வச்சேன்னு எழுதிக்கோ," என்றார். "காய்ச்சல்ல கெழவனுக்குக் கண்ணு தெரியல, தப்பா அமுக்கிட்டான். முடிஞ்சுது கதை."

"படத்துல மூஞ்சி என்னுதுண்ணே."

"அப்போ மூஞ்சிய அழிச்சிடு. உன் வீட்டுக்காரரே அதப் பாத்தா சந்தோஷப்பட மாட்டாரு, பூனையா சந்தோஷப்படப்போகுது?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "விளையாட்டுக்குச் சொல்லலம்மா."

"தெரியும்ணே."

"சரி, மணி சொல்லு."

சொன்னாள். கடைசி எழுத்து மினுக்கியபோது அவர் கையை விலக்கிக்கொண்டார். அவள் திரைமேல் முக்காட்டை இழுத்து நிழல் கட்டி, வானத்தைப் பார்த்து, சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்து, பிறகு அழுத்தினாள்.

அவள் கணவர் பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்கட்டில் உட்கார்ந்து நகக்கண்ணிலிருந்து கிரீஸைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே வந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, என்னையே பாக்குற? எனக்கும் ரெண்டு பக்கம் இருக்கான்னு பாக்கறியா?"

"லோடு ஏத்துன டிப்பர் அறுபதுல வந்தா, பிரேக் போட்டா எங்க போயி நிக்கும்?"

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். வேலையைப் பற்றிக் கேட்டால் அவருக்கு எப்போதும் முகம் மலரும், இப்போது மலரவில்லை. "டிரைவர் பாத்து, மூளைக்குப் போயி, கால் எறங்கறதுக்கே ஒரு செகண்டுக்கு மேல ஆயிடும். அதுக்குள்ள வண்டி பதினேழு பதினெட்டு மீட்டர் வந்துடும். அப்புறம்தான் பிரேக்கே புடிக்கும். ஈர ரோடு, லோடு வேற. நாப்பது அம்பது மீட்டர் தாண்டித்தான் நிக்கும். இருட்டுல அவன் பூனையப் பாத்திருக்கவே மாட்டான்."

"அங்க ஸ்பீடு பிரேக்கர் இருந்திருந்தா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எந்த ஸ்பீடு பிரேக்கர் என்று அவருக்குத் தெரியும். நான்குதான் கிடைத்தது என்று போன வருடம் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருடத்தில் பிரேக் விஷயத்தில் அவர் யாருக்காகவும் பொய் சொன்னதில்லை.

"இருந்திருந்தா பத்துல, பதினஞ்சுல வந்திருப்பான்," என்றார் மெதுவாக. "அவன் நிறுத்தவே வேணாம். பூனையே தாண்டிப் போயிருக்கும்."

அவள் தலையாட்டினாள். அவர் சோப்பை எடுத்தார், திரும்பக் கீழே வைத்தார். "எந்திரி. சாப்பிட்டியா நீ?" என்றார்.

திங்கட்கிழமை காலை படிவத்தைச் சார் மேசையில் வைத்தாள். அடையாளம் என்ற வரியில் விசிறி, ஏணி என்று இரண்டு பெயரும் எழுதியிருந்தது. பின்னால் மூன்று தாள்கள் இணைத்திருந்தாள்: பூனையின் இடது பக்கம், வலது பக்கம், இரவு 11:20க்கு வெயிலில் நிற்கிற அவள் முகம்.

சார் மூன்றையும் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் ஒரு காலத்தில் தாமே கேமரா கட்டியவர்.

"இத வேற யாரு பாத்தா?"

"டாக்டரம்மா ரெண்டு பக்கமும் பாத்தாங்க. ஆனா அவங்களுக்குப் புள்ளி தெரியாது."

"அப்போ உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"பேட்டரியண்ணனுக்கும் சொன்னேன் சார்."

சார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கோபமாகத்தான் பேசப்போகிறார் என்று அவள் நினைத்தாள். ஆனால் அவர் குரல் களைத்திருந்தது. "இந்தச் சதுப்புக்காகப் பன்னெண்டு வருஷம்மா. ஒன்பதுன்னு போய்ச் சொன்னேன்னா வியாழக்கிழமை சாயந்திரமே மண்ணு கொட்டுவான். குவிச்சு வச்சிட்டு நிக்கிறான், நீங்களே பாத்திருப்பீங்க. மிச்சம் இருக்கிற ஒன்பதும் எங்க போகும்? பேப்பர்ல ஒரு பூனை இருந்தா, சேத்துல ஒன்பது பூனை இருக்கும். இவ்வளவுதான் கணக்கு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

சனிக்கிழமையிலிருந்து அவளும் இதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள், இதைவிட நன்றாகவே. வரைபடத்தைப் பார்த்தாள். அதில் சாலைக்கு மேற்கே ஏணி என்று அவள் கையெழுத்தில் பச்சை வட்டம், கிழக்கே விசிறி என்று சிவப்பு வட்டம். இரண்டும் சாலையில் வந்து முட்டி நின்றன, சுவரில் முட்டுகிற மாதிரி.

"ஏணி பேப்பர்ல இருந்தா, அந்தக் கோடும் இருக்கும் சார்," என்றாள். "அங்க யாரும் குறுக்க வர்றதில்லன்னு நாம எழுதுனது அப்படியேதான் இருக்கும். அஞ்சாவது ஸ்பீடு பிரேக்கர நாம கேக்கவே முடியாது. எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? தாய் போன வழியிலதான் குட்டிங்க வரும்."

சார் திரும்பி வரைபடத்தைப் பார்த்தார்.

"அப்புறம், அடுத்த வருஷம் ஏணியோட படம் கேப்பாங்க. அதுக்கடுத்த வருஷமும் கேப்பாங்க. ஒரு வருஷம் அதச் சாகடிச்சுத்தானே ஆகணும்? எந்த வருஷம் சார்? எப்படிச் செத்துச்சுன்னு எழுதறது?"

வெளியே யாரோ அச்சு இயந்திரத்தை முடுக்கினார்கள். அது ஒவ்வொரு தாளாகத் துப்புகிற சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சார் மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சமமாக்கினார்.

"வச்சிட்டுப் போங்க," என்றார்.

என்ன செய்யப்போகிறார் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. செவ்வாயும் புதனும் அவர் அறைக் கதவு சாத்தியே இருந்தது. வியாழன் காலை சவரம் செய்த முகத்தோடு, கையில் கோப்போடு, அவள் மேசையைக் கடந்து போனார். போகிறபோது ஒரு நொடி நின்றார், ஏதோ சொல்ல வந்தது போல. பிறகு, "போன் பண்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பதினோரு மணிக்குக் குழு கூடும். பத்தேமுக்காலுக்குப் பேட்டரியண்ணன் பாலத்துக் கேமராவின் கார்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "தொறந்து பாக்கல. நீயே பாரு," என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். பேட்டரிகளைப் பையிலிருந்து எடுத்து எண்ணுவதும் திரும்பப் போடுவதுமாக இருந்தார்.

இந்தமுறை அவள் மனிதர் படங்களைத் தனிக் கோப்புக்குத் தள்ளவில்லை. முதல் படம் அவள் முகம்தான். பகல் 12:40. மூக்கின் நிழல் உதட்டுக்கு நேராக விழுந்திருந்தது, மணி சரி. அடுத்து எழுநூற்றுச் சொச்சம் படங்கள். பாதி டிப்பர்கள்: சூடான இயந்திரமும் கேமராவுக்கு ஓர் உடம்புதான். கோரை அசைந்த படங்கள். ஒரு நாய். மீண்டும் டிப்பர். வெள்ளிக்கிழமை உறைந்த கறை, ஞாயிறு மழையில் கரைந்து, திங்கள் படங்களில் இல்லாமலேயே போயிருந்தது. அவள் அவசரப்படவில்லை. ஆலையில் கற்றது அது. துணி ஓடும் வேகத்தில் கண் ஓடக்கூடாது, கண் ஒரே இடத்தில் நிற்கவேண்டும், துணிதான் ஓடவேண்டும்.

புதன்கிழமை, அதிகாலை 5:52. இடது ஓரத்தில் கோரை பிளந்திருந்தது.

குட்டி. தலை பெரிது, உடம்பு சின்னது, வால் ஒரு விரல் நீளம். சதுப்பைப் பார்த்து நின்றது. அதனால் அதன் இடது பக்கம் முழுதும் கேமராவுக்குத் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் மூன்று புள்ளி, அப்புறம் ஓர் இடைவெளி, அப்புறம் இரண்டு. எந்தப் பெயரும் அவளுக்கு உடனே தோன்றவில்லை. கணக்கில் வராத பூனை.

மேசைமேல் போன் அதிர்ந்தது. திரையில் சார் என்று எழுதியிருந்தது. பேட்டரியண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

அவள் அடுத்த படத்துக்குப் போனாள். குட்டி எதையோ கேட்டிருக்கிறது. நேராகக் கேமராவையே பார்த்தது, கண்கள் இரண்டு வெள்ளை ஓட்டைகள், முன்னங்கால் ஒன்று தூக்கியபடி. படத்தின் வலது ஓரத்தில், முந்தின படத்தில் கருப்பாக இருந்த தார், இப்போது மெலிதாக வெளுத்திருந்தது.

"போன எடும்மா," என்றார் அவர்.

தாய் இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. இது முதல் நாளிலேயே திரும்பியிருந்தது. அடுத்த படத்தில் அதன் வலது பக்கம், கழுத்திலிருந்து வால்வரை, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்கு வெளிச்சத்தில் இருந்தது. அந்த வெளிச்சம் கேமராவுடையது அல்ல, சாலையிலிருந்து வந்தது. குட்டி சாலையைப் பார்த்து நின்றது.

போன் மேசையில் ஊர்ந்து விளிம்புவரை வந்துவிட்டது. அவள் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள், எடுக்கவில்லை. வலது கையின் விரல், அடுத்த படத்துக்கான பொத்தானின் மேல் இருந்தது.